பிறர் பிழையும் தம் பிழையும்

ஹெவ்லொக் டவுனில் நமது அயலில் வாழும் அம்மையார் ஒருவர், சென்ற வாரம் இரண்டு தாள்களுடன் நம்மிடம் வந்தார். இரண்டும் க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் அவருடைய மகனின் கையெழுத்து. ஒன்று, வெள்ளவத்தையில் ரியூஷன் வகுப்பொன்றிற் செய்த ஆங்கிலப் பிழை திருத்தப் பயிற்சி. பத்துக்குப் பத்துப் புள்ளி. மற்றையது, தமிழ் வாசிக்கத் தெரியாத இலண்டன் மைத்துனனுக்கு அவன் எழுதிய ஆங்கிலக் கடிதம். வரிக்கு வரி பிழை.

"முழுப் புள்ளி வாங்குகிற பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுத வருகுதில்லையே, பாருங்கோ!" என்று அங்கலாய்த்தார் அம்மையார்.

நாம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். பயிற்சியில், வரிக்கொரு பிழை உண்டென்று முன்னரே சொல்லப்பட்டிருந்தது. 'ஹீ கோ' என்றிருந்ததை 'ஹீ கோஸ்' எனச் செம்மையாகத் திருத்தியிருந்தான். கடிதத்திலோ அதே 'ஹீ கோ' நான்கு இடங்களில் வீற்றிருந்தது. பிழை உண்டென்று சொன்னாற் காண்கிறான், சொல்லாவிடிற் காண்கிறானில்லை.

கடிதத்தின் ஏனைய பிழைகளோ பயிற்சியில் இடம்பெறவேயில்லை. 'டிஸ்கஸ்' என்னும் வினைக்குப் பின் 'எபவுட்' என்று சேர்த்திருந்தான். 'அதைப் பற்றிக் கலந்து பேசினோம்' என்று தமிழில் நினைத்த பிள்ளை, 'பற்றி'யையும் உடன் அழைத்துச் சென்றுவிட்டான். 'த' என்னும் சிறு சொல் வரவேண்டிய இடமெல்லாம் வெறுமையாயிருந்தது. அதற்கு நிகரான சொல் தமிழில் இல்லை. ஆகவே அதன் குறை அவன் செவிக்கு எட்டவில்லை.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தாரின் 'முதற் சான்றிதழ்' ஆங்கிலப் பரீட்சையிலும் ஒருகாலத்தில் இத்தகைய வினா இருந்தது. வரியில் மிகையாக நிற்கும் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். 2008 இல் பரீட்சையைத் திருத்தியமைத்தபோது அவ்வினாவை நீக்கிவிட்டார்கள். மிகைச் சொல்லை வட்டமிடலாம். நம் பிள்ளைகள் எழுதாமல் விடும் சொல்லை எங்ஙனம் வட்டமிடுவது?

பிட் கோடர் என்னும் மொழியியலறிஞர், கற்போர் பிழைகளைப் பற்றி 1967 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கைதவறி நேரும் வழு வேறு, அறியாமையால் மீண்டும் மீண்டும் வரும் பிழை வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். பின்னையது, பிள்ளை எதனைக் கற்றான், எதனைக் கற்கவில்லை என்பதை ஆசிரியருக்கு உணர்த்தும் சான்று. வினாத்தாள் தயாரிப்பவர் நட்டுவைத்த பிழை, அவர் மனத்தைக் காட்டுமேயன்றிப் பிள்ளையின் மனத்தைக் காட்டாது.

பிழை திருத்தப் பயிற்சி வீணென்பதன்று நமது கருத்து. ஆயிரக்கணக்கான விடைத்தாள்களை ஒரே அளவுகோலால் மதிப்பிட அது இலகுவானது. எழுதியதை மீண்டும் வாசிக்கும் பழக்கத்தையும் ஊட்டவல்லது. ஆனால் அதிற் பெற்ற புள்ளியை எழுத்தாற்றலுக்குச் சான்றாகக் கொள்வது, பிறர் வீட்டு முற்றத்தைக் கூட்டிவிட்டுத் தம் வீடு துப்புரவாயிற்று என்று மகிழ்வதை ஒக்கும்.

பெற்றோருக்கு நாம் கூறுவது இதுவே. பிள்ளைக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். அவன் எழுதும் கடிதத்திலும் கட்டுரையிலும் வரும் பிழைகளை அவனே அதிற் குறித்து வரட்டும். ஆசிரியர் பிழையுள்ள வரிக்கு அடியில் மட்டும் கோடிட்டாற் போதும். பிழை இன்னதென்று தேடுவது பிள்ளையின் வேலையாகட்டும்.

"அப்படியானால் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடட்டுமா?" என்று வினவினார் அம்மையார்.

வேண்டாமென்றோம். பையனைக் கொண்டே உரக்க வாசிப்பித்துத் திருத்துவியுங்கள். எஞ்சிய பிழைகளுடன் தபாலிற் சேர்த்துவிடுங்கள். மைத்துனன் புள்ளியிடப் போவதில்லை, பதில் எழுதுவான்.