பொம்மைப் படத்துக்கு நாலு வரி போதுமா?

2014-இல் 'தி லெகோ மூவி' வந்தபோது, அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தருகிறேன் என்று ஒரு வார இதழ் ஆசிரியரிடம் கேட்டேன். சிரித்தார். "பிளாஸ்டிக் கட்டைக்கு ஒரு பக்கமா சார்? குழந்தைகளோட போய்ப் பார்க்கலாம்னு நாலு வரி போட்டாப் போதும்." நாலு வரிதான் வந்தது. அதே இதழில் ஒரு பெரிய நடிகரின் பாடல் வெளியீட்டு விழாவுக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அதுவும் விளம்பரம்தானே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நாலு வரியும் போயிருக்கும்.

அவர் கட்சியில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பொம்மை நிறுவனம் பொம்மை விற்பதற்காக எடுக்கிற படம், ஒன்றரை மணி நேர விளம்பரம். சோப்பு விளம்பரத்தில் இரண்டாம் பாதி தொய்வு என்று யாரும் எழுதுவதில்லையே? ஆனால் விமர்சனம் வேண்டாம் என்பதற்கு அவர் சொன்ன இதே காரணத்தைத்தான், விமர்சனம் கட்டாயம் வேண்டும் என்பதற்கு நான் சொல்வேன். கல்லாப்பெட்டி கதைக்குள் எந்த இடத்தில் கை வைத்தது, எந்த இடத்தில் கதை அந்தக் கையைத் தட்டிவிட்டது என்று பிரித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும். பெரியவர்களுக்கான படத்தில் இந்த ஆள் இல்லாவிட்டாலும் பார்ப்பவர் ஓரளவு சமாளித்துக்கொள்வார். ஆறு வயதுக் குழந்தையால் முடியாது.

சந்தேகம் இருந்தால் 1986 ஆகஸ்டில் அமெரிக்காவில் வெளியான 'தி டிரான்ஸ்ஃபார்மர்ஸ்: தி மூவி'யைப் பாருங்கள். மைக்கேல் பே எடுத்த படங்களுக்கு இருபது வருடம் முந்தைய கார்ட்டூன் படம் இது. கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும். ஜப்பானின் டக்காரா நிறுவனம், ரோபோவாக மாறும் கார்களையும் துப்பாக்கிகளையும் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ உரிமம் வாங்கி, 1984-இல் அவற்றைத் தன் ஊர்க் கடைகளில் இறக்கியது. இவர் நல்லவர், இவர் கெட்டவர், இவர் முன்கோபி என்று குணமும் பெயரும் எழுதிக் கொடுத்தவர்கள் மார்வெல் காமிக்ஸ் ஆட்கள். அதில் பெரும்பங்கு பாப் புடியான்ஸ்கி என்பவருடையது. பொம்மை முதலில், பெயர் பிறகு, குணம் அதற்கும் பிறகு. அதே ஆண்டு தொலைக்காட்சித் தொடரும் வந்தது. அதிபர் ரீகன் ஆட்சியில் குழந்தைகள் நிகழ்ச்சிக்கான விளம்பரக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியிருந்தார்கள்; பொம்மைக் கம்பெனிகளுக்கு அது பொற்காலம். அதற்குப் பதினைந்து வருடம் முன்னால், 1969-இல், ஹாட் வீல்ஸ் கார்களை வைத்து ஒரு கார்ட்டூன் வந்தபோது, இது நிகழ்ச்சியே அல்ல, விளம்பரம் என்று போட்டி நிறுவனம் ஒன்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்திடம் புகார் கொடுத்தது. புகாரில் நியாயம் இருப்பதாக ஆணையமும் ஒப்புக்கொண்டது. அந்த வேலி 1984-இல் விழுந்தது.

இரண்டு ஆண்டு விற்ற பிறகு பழைய பொம்மைகளை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டுப் புதியவற்றை வைக்க வேண்டிய நேரம் வந்தது. படம் அதைச் செய்து கொடுத்தது. தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு விண்கலத்துக்குள் பழைய நாயகர்கள் வரிசையாகச் சுடப்பட்டுச் சாகிறார்கள். ப்ரௌல் என்ற போலீஸ் கார் ரோபோவின் வாயிலிருந்தும் கண்ணிலிருந்தும் புகை வருகிறது. குழந்தைகள் படம் என்று நம்பி வந்தவர்களுக்கு இதுவே அதிர்ச்சி. அடுத்து, தலைவன் ஆப்டிமஸ் ப்ரைம் படுக்கையில் கிடக்கிறான். தலைமைச் சின்னத்தை அடுத்தவனிடம் ஒப்படைக்கிறான். சிவப்பும் நீலமுமாக இருந்த உடலிலிருந்து நிறம் வடிந்து, கண்ணெதிரே சாம்பலாகிறது. கண் விளக்கு அணைந்து, தலை ஒரு பக்கம் சாய்கிறது.

நான் இதைப் பெரியவனான பிறகு கம்ப்யூட்டரில்தான் பார்த்தேன். அந்த நிற மாற்றத்தை இரண்டு மூன்று தடவை பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன். படத்தை வரைந்தது ஜப்பானின் டோயி அனிமேஷன்; அந்தச் சில நொடியை அவர்கள் கடனுக்கு வரையவில்லை. பிளாஸ்டிக்குக்கு உயிர் இருந்தது என்று அது போகிற நேரத்தில் நம்ப வைத்துவிட்டார்கள். தியேட்டரில் குழந்தைகள் அழுதார்கள். பெற்றோர் கோபப்பட்டார்கள். அடுத்த ஆண்டே தொலைக்காட்சித் தொடரில் ஆப்டிமஸை உயிர்ப்பித்தார்கள். ஹாஸ்ப்ரோவின் இன்னொரு படமான 'ஜி.ஐ. ஜோ'வில் சாக வேண்டிய நாயகன் ட்யூக், இந்தப் பயத்தில் கோமாவோடு தப்பித்தான்.

கதை ஆலோசகராக இருந்த ஃபிளின்ட் டில் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார்: சரக்குப் பட்டியலை மாற்றுவதாகத்தான் நினைத்தோம், அவன் குழந்தைகளுக்கு இவ்வளவு பெரிய ஆள் என்று தெரியாது என்கிற பொருளில். கம்பெனிக்கு அது பழைய இருப்பு, பார்த்த பிள்ளைக்கு அப்பா மாதிரி ஒருவரின் சாவு. இரண்டும் ஒரே காட்சிக்குள் இருக்கின்றன. இதை எழுத விமர்சகர் வேண்டாம், விற்பனைக் கணக்கு போதும் என்றால் பாதிதான் தெரியும். கணக்கே வேண்டாம், காட்சி போதும் என்றால் மற்றப் பாதி.

இதே படத்தில் வில்லன் மெகட்ரான், கிரகங்களைத் தின்னும் யுனிக்ரானிடம் போய்ச் சேர்கிறான். யுனிக்ரான் பழைய மெகட்ரானை எடுத்துக்கொண்டு கால்வட்ரானாக மாற்றிக் கொடுக்கிறது. கால்வட்ரான் கடைக்கு வந்த புதுப் பொம்மை. திரையிலேயே எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்! ஆனால் அந்த யுனிக்ரானுக்கு அப்போது கடையில் பொம்மையே கிடையாது, 2003-இல்தான் வந்தது. அதற்குக் குரல் கொடுத்தவர் ஆர்சன் வெல்ஸ். 'சிட்டிசன் கேன்' எடுத்த அதே வெல்ஸ். 1985 அக்டோபரில் இறப்பதற்குச் சில நாள் முன்புதான் பேசி முடித்தார், அதுவே அவருடைய கடைசிப் படங்களில் ஒன்றாயிற்று. இதைப் பெரிய கலைஞனின் வீழ்ச்சி என்று உச்சுக்கொட்டுவது வழக்கம். எனக்கு அந்தப் பரிதாபத்தில் உடன்பாடில்லை. படத்தில் எதையும் விற்க வேண்டியிராத பெரிய பாத்திரம் அவருடையதுதான். நிஜமாகவே பயமுறுத்துவதும் அதுதான். சும்மா வந்த ஒற்றுமையாக இருக்கலாம். ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது.

மைக்கேல் பே காலத்துக்கு வருவோம். 2007-இல் வந்த முதல் படத்துக்கு ரோஜர் ஈபர்ட் மூன்று நட்சத்திரம் கொடுத்தார். 2009-இல் வந்த இரண்டாவதற்கு ஒன்று. அமெரிக்காவின் மிகப் பெயர்பெற்ற விமர்சகர், பொம்மை ரோபோவில் நல்லதற்கும் கெட்டதற்கும் இவ்வளவு இடைவெளி கண்டிருக்கிறார். இரண்டும் குப்பை என்று ஒதுக்கியிருந்தால் அவர் வேலை மிச்சம். இரண்டாம் படத்தில் ஸ்கிட்ஸ், மட்ஃப்ளாப் என்று இரட்டை ரோபோக்கள் வரும். ஒன்றுக்குத் தங்கப் பல். கறுப்பின மக்களைக் கேலி செய்யும் பழைய மேடைப் பேச்சு, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதென்று ஒரு 'நகைச்சுவை'. இவையும் பொம்மையாகப் பெட்டியில் அடைத்து விற்கப்பட்டன. குழந்தைகள் படத்துக்கு எதற்குக் கடுமை என்றவர்கள் சொல்வதைக் கேட்டிருந்தால் இது அப்படியே போயிருக்கும். விமர்சகர்கள் விடவில்லை, மூன்றாம் படத்தில் அந்த இரட்டையருக்கு வேடம் இல்லை.

லிண்ட்சே எல்லிஸ் என்ற அமெரிக்கப் பெண், இந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படங்களையே எடுத்துக்காட்டாக வைத்து, திரைப்படக் கோட்பாடுகளைச் சொல்லித் தரும் காணொளித் தொடர் ஒன்று செய்தார். கேமரா பெண்ணை எப்படிப் பார்க்கிறது என்பதை விளக்க, கார் பானட்டைத் திறந்து நடிகை மேகன் ஃபாக்ஸ் குனிந்து நிற்கும் காட்சியைவிடத் தோதான பாடம் கிடைக்காது. பொம்மை வாங்கும் வயதுப் பையன்களுக்கு அந்தக் காட்சி என்ன கற்றுக் கொடுத்தது என்று கேட்பதில் மிகை ஒன்றுமில்லை.

2007 படம் வந்தபோது என் அக்கா மகனுக்குப் பத்து வயது. படம் முடிந்து வெளியே வந்ததும், "மாமா, எது கை எது கால்னே தெரியல" என்றான். வீட்டில் அவனிடம் கணுக்கால் உடைந்த ஒரு ரோபோ இருந்தது. இந்தக் கதவு மடங்கினால் தோள், இந்தச் சக்கரம் திரும்பினால் முழங்கால் என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவான். திரையில் இருந்த ஆப்டிமஸோ, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்கள் கொண்ட கம்ப்யூட்டர் உருவம். எது எங்கே போகிறது என்று கண்ணால் தொடர முடியாது. அந்தப் பொம்மையின் மொத்தச் சுகமும் மாறுகிற விதம் புரிவதில்தான் இருக்கிறது. படம் அதைத் தொலைத்துவிட்டது. அன்று நான் படித்த விமர்சனங்களில் இவன் சொன்னதை யாரும் சொல்லவில்லை.

இதற்கு நேர் எதிர், நாலு வரியில் முடிந்துபோன அந்த லெகோ படம். கடல் அலையும் புகையும்கூடக் கட்டைகளாகவே இருக்கும். கட்டைகளின் மேல் கீறலும் கைரேகையும் தெரியும். பென்னி என்ற விண்வெளி வீரனின் ஹெல்மெட் தாடைப் பக்கம் உடைந்திருக்கும். 1980-களின் லெகோ விண்வெளி வீரர்களை வைத்திருந்தவர்களுக்கு அது தெரியும், அந்த மெல்லிய தாடைப் பகுதிதான் முதலில் உடையும். நிஜமாக விளையாடப்பட்ட பொம்மையைத் திரையில் காட்டிய படம் அது. கடைசியில் நிஜ மனிதர்கள் வருகிறார்கள். யாரும் தொடக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டி, கட்டிய நகரத்தைப் பசை போட்டு நிரந்தரமாக்கப் பார்க்கும் அப்பா. கலைத்து விளையாட ஆசைப்படும் மகன். இப்படிப்பட்ட அப்பாக்களை நமக்குத் தெரியும். விதிமுறைப் புத்தகத்தைத் தூக்கிப்போடு என்று சொன்ன படத்தின் பெயரிலேயே, பக்கம் பக்கமாகக் கட்டும் முறை அச்சிட்ட புத்தகத்தோடு பெட்டிகள் விற்பனைக்கு வந்தன என்பதும் உண்மை. இந்த முரணைச் சொல்லிவிட்டுப் படத்தைப் பாராட்டலாம். சொல்லாமல் பாராட்டினால் கம்பெனிக்கு வேலை பார்க்கிறோம். சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் பட்டியலில் இதற்கு இடமே கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

2023-இல் 'பார்பி' வந்ததும் நிலைமை தலைகீழ். இப்போது சிக்கல் அலட்சியம் அல்ல, அளவுக்கு மீறிய மரியாதை. படத்தை இயக்கிய கிரெட்டா கெர்விக் கெட்டிக்காரர். பார்பியை விற்கும் மேட்டல் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் ஆண்களை மட்டும் உட்கார வைத்து, நடிகர் வில் ஃபெரலைத் தலைவராக்கிக் கேலி செய்தார். மேட்டலும் கூடவே சிரித்தது. தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்கிற கம்பெனியிடம் கடுமையாகப் பேச விமர்சகர்களுக்கு நாக்கு எழவில்லை. படத்தில் பார்பியை உருவாக்கிய ரூத் ஹேண்ட்லர் பாசமுள்ள பாட்டியாக வருகிறார், வருமான வரித் துறையோடு வந்த தகராறைத் தமாஷாகச் சொல்லிவிட்டுப் போகிறார். நிஜத்தில் 1978-இல் அவர் மீது வந்தது, பங்குச் சந்தை ஆணையத்துக்குப் பொய்க் கணக்குக் காட்டிய மோசடி வழக்கு. குற்றச்சாட்டை எதிர்க்காமல் தண்டனையை ஏற்றார். 1959-இல் வந்த பார்பிக்கு முன்மாதிரியே, ஜெர்மனியில் பெரியவர்களுக்காக விற்ற லில்லி என்ற பொம்மை. படத்தில் லில்லி இல்லை. உலகமெங்கும் 140 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம் தன் முதலாளியின் வரலாற்றை எப்படிச் சொல்கிறது என்று பார்ப்பது விமர்சகர் வேலை இல்லையா?

ஆனால் அந்த ஆண்டுப் படங்களுக்கான விருதுப் போட்டியில் ஒரு வேடிக்கை நடந்தது. அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 'பார்பி'யைச் சொந்தத் திரைக்கதை என்று வகைப்படுத்தியது. ஆஸ்கர் அகாடமியோ தழுவல் திரைக்கதைப் பிரிவில் சேர்த்தது. நாவலைத் தழுவலாம், நாடகத்தைத் தழுவலாம். பதினொன்றரை அங்குலப் பிளாஸ்டிக் பொம்மையைத் தழுவலாம் என்று அகாடமியே சொல்லிவிட்டது. அப்படியானால் மூலத்தோடு ஒப்பிட்டு விமர்சிக்கவும் வேண்டும் அல்லவா? நாவலைப் படிக்காமல் தழுவலை விமர்சிப்பவரை நாம் சும்மா விடுவதில்லை.

மேட்டல் கையில் இன்னும் பெரிய பட்டியல் இருக்கிறது: ஹாட் வீல்ஸ், பாலி பாக்கெட், ஊனோ சீட்டுக்கட்டுகூட. நம் பத்திரிகைகளுக்கு ஒரு வேண்டுகோள். இவற்றை ஏஜென்சி செய்தியை மொழிபெயர்த்து நாலு வரியில் முடிக்காதீர்கள். நட்சத்திரப் படத்துக்கு எழுதுகிறவரையே அனுப்புங்கள். அவரும் தியேட்டருக்குப் போகும் வழியில் ஒரு பொம்மைக் கடைக்குள் எட்டிப் பார்க்கட்டும். எந்தப் பாத்திரம் முன்வரிசையில் நிற்கிறது, எதற்குத் தள்ளுபடிச் சீட்டு ஒட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தால், இடைவேளைக்குப் பிறகு யார் சாகப்போகிறார்கள் என்பதுகூடத் தெரிந்துவிடும்.