கீழ்ப்படிதல் தரும் கொடூரம்

கொடுமை செய்பவர்கள் எல்லாரும் பிறவிக் கொடியவர்கள் அல்லர். 1961-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் ஒரு சோதனையைத் தொடங்கினார். அடுத்த அறையில் இருப்பவர் தவறாகப் பதில் சொன்னால் மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும் என்பது கட்டளை. உண்மையில் மின்சாரம் பாயவில்லை. சுவிட்சை அழுத்தியவர்களுக்கு அது தெரியாது. வியர்த்தார்கள், நடுங்கினார்கள், ஆனாலும் 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். உடனிருந்த இருவர் மறுத்து விலகிய இன்னொரு சோதனையிலோ, 40 பேரில் 4 பேர்தான் கடைசிவரை போனார்கள்.

காவல் நிலையமோ ராணுவமோ, ‘மேலிடம் சொன்னது, செய்தேன்’ என்பதைச் சமாதானமாக ஏற்கக் கூடாது. தவறான உத்தரவை முதலில் மறுப்பவருக்குச் சட்டமும் நிர்வாகமும் அரணாக நிற்க வேண்டும். அவர் துணிந்தால் மற்றவர்களும் துணிவார்கள்.