தராசு முள்ளாய் நின்ற ஒருவர்

166 பேர் கூடியுள்ள சபையொன்றிலே ஒருவருக்கு உள்ள மதிப்பு எவ்வளவு? கணிதம் பயிலும் மாணவன் 166 இல் ஒரு பங்கு என விடை பகர்வான். அரசியல் பயிலும் மாணவன் அவ்வாறு எழுதினால் நாம் புள்ளி வழங்க மாட்டோம். சில வேளைகளில் அவ்வொருவருடைய மதிப்புப் பூச்சியமாகும். சில வேளைகளிலோ சபை முழுவதற்கும் ஈடாகும். இவ்விரு நிலைகளும் ஒரே மனிதருக்கு ஒரே ஆண்டிலே வாய்த்தலும் உண்டு. பெரும்பான்மையற்ற அரசாங்கம் ஒன்றின் முன்னே, எக்கட்சியையும் சாராத சுயேச்சை உறுப்பினர் ஒருவர் நிற்கும்பொழுது நிகழ்வது யாது என்பதை இவ்வாரம் ஆராய எண்ணினோம்.

இது நம் நாட்டுக்குப் புதிய செய்தியன்று. 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே தெரிவான 95 உறுப்பினருள் ஐக்கிய தேசியக் கட்சியினர் 42 பேரே. சுயேச்சையாக வென்றோர் 21 பேர். டீ. எஸ். சேனநாயக்கா அமைத்த முதலாவது மந்திரிசபையிலே, வவுனியாவிற் சுயேச்சையாக வென்ற செ. சுந்தரலிங்கம் வர்த்தக மந்திரியானார்; மன்னாரிற் சுயேச்சையாக வென்ற சி. சிற்றம்பலம் தபால், தந்தி மந்திரியானார். 1948 இலே தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலமும் அரசாங்கத்திற் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே சுந்தரலிங்கம் பதவி துறந்தார், அரசாங்கம் அசையவில்லை. புதியவர் பலர் வந்து சேர்ந்தபின் பழையவர் ஒருவர் போவதாற் குறைவதென்ன? இனி, 1960 மார்ச்சிலே 50 ஆசனங்களோடு டட்லி சேனநாயக்கா அமைத்த சிறுபான்மை அரசாங்கம், அடுத்த மாதமே சிம்மாசனப் பிரசங்க வாக்கெடுப்பில் வீழ்ந்த கதையை வீட்டிலுள்ள பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

எனினும், ஒற்றை உறுப்பினரின் வலிமையையும் அதன் எல்லையையும் ஒருங்கே காண விரும்புவோர் அயர்லாந்தின் 1982 ஆம் ஆண்டையே எடுத்துப் படித்தல் வேண்டும். அவ்வோராண்டில் அந்நாடு இரண்டு பொதுத் தேர்தல்களையும் இரண்டு ஆட்சி மாற்றங்களையும் கண்டது. அங்குள்ள தேர்தல் முறையே சுயேச்சையாளருக்கு இடங்கொடுப்பது. ஒரு தொகுதியிலிருந்து மூவர் முதல் ஐவர் வரை தெரிவு செய்யப்படுவர். வாக்காளர் தம் விருப்பத்தை 1, 2, 3 என வரிசைப்படுத்தி எழுதுவர். முதல் விருப்பம் பயன்படாதவிடத்து வாக்கு அடுத்தவருக்குச் செல்லும். ஆகவே, கட்சி ஆதரவின்றித் தம் அயலவரின் அன்பை மட்டும் நம்பி நிற்கும் ஒருவரும் வெல்லுதல் கூடும்.

1981 யூனிலே நடந்த தேர்தலின் பின்னர் கரற் பிற்ஸ்ஜெரல்ட் கூட்டரசாங்கம் ஒன்றை அமைத்தார். அவருடைய பைன் கேல் கட்சிக்கும் தொழிற் கட்சிக்குமாக 166 ஆசனங்களுள் 80 ஆசனங்களே இருந்தன. மீதிக்குச் சுயேச்சையாளரை நம்பியிருந்தார். அவர்களுள் ஒருவர் லிமரிக் நகரத்து ஜிம் கெமி என்பவர். கல் வேலை செய்து வாழ்ந்த தொழிலாளி. 1982 சனவரி 27 ஆந் தேதி நிதி மந்திரி ஜோன் புரூற்றன் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தார். உணவு மானியங்கள் குறைக்கப்பட்டன. துணிக்கும் சப்பாத்துக்கும் பெறுமதி சேர் வரி விதிக்கப்பட்டது. சிறுவர் சப்பாத்துக்கேனும் விலக்களிக்கலாகாதா என்று கேட்டனர். விலக்களித்தால், சிறிய பாதமுடைய பெண்கள் சிறுவர் சப்பாத்தை வாங்கியணிந்து வரியிலிருந்து தப்பிவிடுவர் என்பது பிரதம மந்திரி கண்ட இடையூறு. பொருளியலில் வல்லவர் அவர். ஆயினும் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கும் தாய்மாரிடம் ஒரு சொற் கேட்டிருந்தால், அவ்விடையூற்றைச் சபையிலே கூறத் துணிந்திருக்க மாட்டார் என்பது நம் எண்ணம்.

அன்றிரவு வாக்கெடுப்பு நடந்தது. எதிராக 82; சார்பாக 81. கெமி எதிர்த்து வாக்களித்தார். அவர் ஒருவர் மாறியிருப்பின் அவ்வெண்கள் இரண்டும் தம்முள் இடம் மாறியிருக்கும். அரசாங்கம் வீழ்ந்தது; பெப்ரவரி 18 ஆந் தேதி மறுபடியும் தேர்தல் நடைபெற்றது.

அத்தேர்தலும் பெரும்பான்மையைத் தரவில்லை. சார்ள்ஸ் ஹோகி தலைமை தாங்கிய பியனா போல் கட்சிக்கு 81, பைன் கேலுக்கு 63, தொழிற் கட்சிக்கு 15, தொழிலாளர் கட்சி எனப் பின்னர் பெயர் பெற்ற சிறிய இடதுசாரிக் கட்சிக்கு 3. எஞ்சிய நால்வருள் ஒருவர் சபாநாயகர். மற்றையோர் கெமி, நீல் பிளேனி, டப்ளின் மத்திய தொகுதியிலே புதிதாகத் தெரிவான ரொனி கிரெகரி ஆகிய மூவருமாவர்.

கிரெகரி அப்பொழுது முப்பத்தைந்து வயதும் நிரம்பாதவர். துறைமுகப் பண்டசாலைத் தொழிலாளி ஒருவரின் மைந்தர். ஆசிரியத் தொழில் பார்த்தவர். (இத்தொழிலைச் சேர்ந்த ஒருவர் அரசாங்கத்தையே காத்திருக்க வைத்தார் என்பதில் நமக்கும் சிறிது பெருமை உண்டு என்பதை மறைப்பானேன்?) சபைக்குக் கழுத்துப்பட்டி அணியாமலே வந்தார், இறுதிவரை அணியவுமில்லை. அவருடைய தொகுதி நகரின் நடுவே, துறைமுகத்தை அடுத்திருந்தது. கப்பல் வேலை அருகி, வீடுகள் பழுதடைந்து, இளைஞர் வேலையின்றித் திரிந்த பகுதி அது. இரு பெருந் தலைவர்களும் அவருடைய ஆதரவை நாடிச் சென்றனர்.

இவ்விடத்து மாணவர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்கைப் பார்த்தல் நன்று. சபாநாயகரை நீக்கினால் 165 பேர். வெல்வதற்கு 83 வேண்டும். ஹோகிக்குத் தம் கட்சியினர் 81 பேர். பிளேனியைச் சேர்த்தால் 82. சிறிய கட்சியின் மூவரும் எதிரணியிற் சேர்ந்தால், அவர்களோடு கெமியும் சேர, அப்பக்கமும் 82 ஆகும். கிரெகரி எப்பக்கம் சாய்கிறாரோ அப்பக்கமே அரசாங்கம். தராசின் இரு தட்டுகளும் ஒத்து நிற்க, முள்ளாய் நின்றார் அவர்.

ஆனால் மார்ச் 9 ஆந் தேதி நடந்தது வேறு. சிறிய கட்சியின் மூவரும் ஹோகிக்கே வாக்களித்தனர். சார்பாக 86, எதிராக 79. கிரெகரி எதிர்த்து வாக்களித்திருந்தாலும் 85 க்கு 80 என ஹோகியே வென்றிருப்பார்! அரசாங்கத்தைத் தீர்மானித்ததாக உலகம் பேசிய அந்த ஒரு வாக்கு, எண்ணிப் பார்க்கும்பொழுது தேவையற்றதாய் முடிந்தது. இதனையே நாம் வாசகர்கள் ஊன்றி நோக்க வேண்டுமென விரும்புகின்றோம். தனி உறுப்பினரின் வலிமை வாக்கிலே தங்குவதன்று. வாக்கு அளிக்கப்படும் முன்னர், ஒருவருக்கும் கணக்கு நிச்சயமாய்த் தெரியாத சில நாட்களிலே தங்குவது. அந்நாட்கள் கழிந்தால் அவர் மீண்டும் 166 இல் ஒருவர்.

கிரெகரி இதனை நன்கு அறிந்திருந்தார் என்றே தோன்றுகிறது. அச்சில நாட்களுள், தாம் வேண்டியவற்றை எழுத்திலே பெற்றுக்கொண்டார். தம் தொகுதியில் 440 புதிய வீடுகள், டப்ளினின் ஏனைய பகுதிகளில் மேலும் 1,600 வீடுகள், துறைமுகத்துக்குரிய 27 ஏக்கர் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளுதல், தொகுதிக்கு வெளியேயுள்ள குளொண்டால்கின் கடதாசி ஆலையைத் தேசியமயமாக்குதல், வேலைவாய்ப்புகள். ஹோகியும் அவரும் அவ்வுடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். பெரிய தொழிற்சங்கம் ஒன்றின் பொதுச் செயலாளர் மைக்கல் முல்லன் சாட்சியானார். இவ்வளவிலும் நில்லாது, வாக்களிப்பதற்கு முன்னர் அதன் உள்ளடக்கத்தைக் கிரெகரி சபையிலே எழுந்து வாசித்தார்; அது சபை அறிக்கையிலே பதிவாயிற்று.

கூச்சல் பெரிதாக எழுந்தது. பொதுப் பணத்தைக் கொடுத்து வாக்கு வாங்கியதாகப் பலர் பழித்தனர். அப்பழியை நாம் எளிதிலே தள்ளிவிட மாட்டோம். லிமரிக்கிலும் கோர்க்கிலும் பழுதடைந்த வீடுகள் இல்லையா? அவ்வூரவர் செய்த குற்றம், தராசு முள்ளாய் நிற்கும் உறுப்பினரைத் தெரியாமை ஒன்றுதானே? தேவை எங்கே மிகுதியோ அங்கே பணம் செல்லுதல் நீதி. கணக்கின் தற்செயல் எங்கே விழுகிறதோ அங்கே பணம் செல்லுதல் நீதியாகாது.

ஆயினும் மற்றொன்றையும் எண்ணுதல் வேண்டும். இத்தகைய வாக்குகளுக்கு உலகெங்கும் வழக்கமாகக் கொடுபடும் விலை யாது? மந்திரிப் பதவி, வாகனம், மைத்துனருக்கு ஓர் உத்தியோகம். அவற்றை எவரும் சபையிலே எழுந்து வாசிப்பதில்லை. கிரெகரி தமக்கென ஒரு பதவியும் கேட்டிலர். கேட்டவற்றைப் பகிரங்கமாகக் கேட்டார்; எழுதி வாங்கினார்; ஊரறியப் படித்தார். அரசாங்கம் வாக்குத் தவறினால் எதில் தவறியது என்பதை எவரும் வரி வரியாய்ச் சரிபார்க்கலாம். நூற்றாண்டுக் கணக்கிலே புறக்கணிக்கப்பட்ட தெருக்களுக்கு, பெரும்பான்மை பலமுள்ள அரசாங்கங்கள் கண்திறக்காதபோது, தற்செயல் ஒன்றே கதவைத் திறந்தது. திறந்த கதவினுள் அவர் சென்றார். அவரைக் குறைகூறுவதற்கு முன், அக்கதவை அதுவரை பூட்டி வைத்தவரைக் கேட்பதே முறை என்பது நம் தீர்ப்பு.

வேறு வழியிற் சென்றோரும் உளர். 1979 மார்ச் 28 ஆந் தேதி, பிரித்தானியப் பிரதம மந்திரி கலகனின் சிறுபான்மை அரசாங்கத்தின்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. வட அயர்லாந்தின் சுயேச்சை உறுப்பினர் பிராங் மகுவயர் சபைக்கு வருவதே அரிது. மதுக்கடை நடத்தியவர் அவர். அன்று கடல் கடந்து இலண்டனுக்கு வந்தார், வந்தும் வாக்களிக்கவில்லை. நேரில் வந்து விலகி நிற்பதற்காகவே வந்தார் என்று அவரைப் பற்றிய கதை இன்றும் வழங்குகிறது. 311 க்கு 310 என அரசாங்கம் ஒரு வாக்கால் வீழ்ந்தது. அவர் அரசாங்கத்தின் பக்கம் நின்றிருந்தால் இரு பக்கமும் சமமாகி, மரபின்படி சபாநாயகரின் வாக்கு அரசாங்கத்தைக் காத்திருக்கும். அதனையடுத்த தேர்தலில் மார்கிரற் தட்சர் ஆட்சிக்கு வந்தார்.

கனடாவின் சக் கட்மன் கதை இதனினும் உருக்கமானது. கட்சி நியமனத்தை இழந்து, 2004 இற் சுயேச்சையாக நின்று வென்றவர். 2005 மே 19 ஆந் தேதி போல் மார்ட்டினின் சிறுபான்மை அரசாங்கத்தின் ஆயுளைத் தீர்க்கும் வாக்கெடுப்பு நடந்தபோது, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். நாட்டின் மேற்குக் கரையிலிருந்து தலைநகருக்கு வந்து அரசாங்கத்துக்குச் சார்பாக எழுந்து நின்றார். இன்னொரு தேர்தலைத் தம் தொகுதி மக்கள் விரும்பவில்லை என்பதே அவர் கூறிய காரணம். 152 க்கு 152. சபாநாயகர் மில்லிக்கன் தம் வாக்கை அளிக்க, அரசாங்கம் பிழைத்தது. ஏழு வாரங்களின் பின், யூலை 9 ஆந் தேதி கட்மன் காலமானார்.

கிரெகரியின் உடன்படிக்கைக்கு நேர்ந்ததை இனிச் சொல்வோம். ஹோகியின் கட்சியிலே ஒருவர் இறந்தார்; ஒருவர் நோயுற்றார்; சிறிய கட்சியின் மூவரும் எதிர்ப்பக்கம் சென்றனர். 1982 நவம்பர் 4 ஆந் தேதி 82 க்கு 80 என அரசாங்கம் வீழ்ந்தது. எட்டு மாதமும் நிறையாத ஆட்சியிடம் பெற்ற வாக்குறுதிகளுட் பல ஏட்டிலேயே நின்றன. சில வீடுகள் எழுந்தன. சிறுபான்மை அரசாங்கத்திடம் பேரம் பேசுவோரின் இக்கட்டு இதுவே: வாக்கைக் கேட்கும் அளவுக்கு மெலிந்த அரசாங்கம், கொடுத்த வாக்கை நிறைவேற்றும் அளவுக்கு நீண்டு வாழ்வதில்லை. அம்மாதத் தேர்தலின் பின்னர் பிற்ஸ்ஜெரல்ட் தொழிற் கட்சியோடு சேர்ந்து பெரும்பான்மை பெற்றார். கிரெகரியின் வாக்கு எவருக்கும் தேவைப்படவில்லை. அரசாங்கத்தை வீழ்த்திய கெமி அத்தேர்தலில் ஆசனத்தை இழந்து, 1987 வரை காத்திருந்தார்.

துறைமுகத்து 27 ஏக்கர் நிலத்திலே 1987 இன் பின்னர் எழுந்தது சர்வதேச நிதிச் சேவை நிலையம். கண்ணாடிச் சுவர்களும் வங்கிகளும் நிறைந்த இடம். அதைத் தொடங்கி வைத்த அரசாங்கத்தின் தலைவரும் ஹோகியே.

1982 பெப்ரவரியில் முதன்முறை வென்றபின் கிரெகரி தம் தொகுதியிலே தோற்றதேயில்லை. 2009 சனவரி 2 ஆந் தேதி இறக்கும்வரை, ஒவ்வொரு தேர்தலிலும் சுயேச்சையாகவே நின்று வென்றார். அவர் இடத்துக்கு அவ்வாண்டு யூனிலே நடந்த உபதேர்தலில் டப்ளின் மத்திய தொகுதி மக்கள் தெரிவு செய்தது, அவருடன் உழைத்த மோரீன் ஓ'சலிவன் என்னும் மாதை. அவரும் எக்கட்சியையும் சேராதவர்.