குளிப்பாட்டினோம், போட்டோ எடுத்தோம், பிறகு?

கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் இஷாவுக்குப் பிறகு வாசியுங்கள்.

போன வருடம் நோன்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை, கல்முனை பஸ் நிலையத்தடியில் திரியும் ஒரு காக்காவை நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து குளிப்பாட்டினோம். சடை பிடித்த தலையை ஒரு சலூன்காரத் தம்பி காசு வாங்காமல் வழித்துவிட்டார். புதுச் சாரன், புதுச் சேட்டு, அத்தர்கூடப் பூசினோம். போட்டோ எடுத்து முகநூலில் போட்டோம். அதில் இடது பக்கம் வாளியோடு சிரித்துக்கொண்டு நிற்பது நான்தான். லைக் குவிந்தது. வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர் காசும் அனுப்பினார்கள்.

நான்காம் நாள் பாடசாலைக்குப் போகிற வழியில் பார்க்கிறேன். சேட்டு இல்லை. சாரன் முழுக்கச் சேறு. அதே தூணடியில் அதே இருப்பு. எனக்குக் கவலை வரவில்லை, கோபம்தான் வந்தது. "இவ்வளவு செஞ்சும் இந்த மனிசன் திருந்தல்லியே" என்று மனதுக்குள் ஏசிக்கொண்டே போனேன்.

அந்தக் கோபம் எவ்வளவு மடத்தனம் என்று எனக்குப் புரிந்தது உம்மா வருத்தமாகக் கிடந்தபோதுதான். பக்கவாதத்தில் உம்மாவுக்கு வலது கை விழுந்துவிட்டது. டொக்டர் மருந்து எழுதினார். பிசியோதெரபி செய்பவர் கை காலை நீட்டி மடக்கினார். மூன்றாவதாக ஒரு தங்கச்சி வந்தார். அவர் முதல் கேட்ட கேள்வி, "உம்மா, வீட்டுல காலையில எழும்பினா நீங்க முதல் செய்யிற வேலை என்ன?"

"சுபஹுக்கு வுழூ எடுக்கிறது மகள்."

அங்கிருந்துதான் தொடங்கினார். இடது கையால் பைப்பைத் திறப்பது, ஒரு கையால் முகம் கழுவுவது, முக்காட்டை ஒரு கையால் போட்டு மறு நுனியைச் செருகுவது. பிறகு உள்ளி உரிக்கக் கொடுத்தார். உம்மா உள்ளி உரித்த அன்று அழுதா. எங்களுக்குச் சமைத்துக்கொடுக்க முடியாதவளாகிவிட்டேன் என்பதுதான் அவ மனதில் இருந்த பெரிய வருத்தம் என்று, பெற்ற பிள்ளைகள் எங்களுக்குக்கூட அதுவரை தெரியாது.

அந்தத் தங்கச்சி செய்யும் வேலைக்குப் பெயர் தொழில்வழிச் சிகிச்சை. ஒக்கியுபேஷனல் தெரபி. பெயரில் 'தொழில்' இருப்பதால் நோயாளிக்கு வேலை தேடிக் கொடுப்பவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். குளிப்பது, உடுப்பது, தேநீர் போடுவது, சில்லறை எண்ணுவது, ரோட்டைக் கடப்பது என்று ஒரு மனிதன் நாளெல்லாம் கைவைக்கிற எல்லாமே அவர்களுடைய கணக்கில் தொழில்தான். நோய் அதில் எதைப் பறித்தது என்று பார்த்து, சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, மறுபடி பழக்குவார்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குச் சப்பாத்து நூல் கட்டப் பழக்கிய ஆசிரியர்களுக்கு இது விளங்கும். "கட்டு" என்று சொன்னால் பிள்ளை கட்டாது.

இப்போது பஸ் நிலையத்துக் காக்காவை யோசியுங்கள். நாங்கள் அவரைக் குளிப்பாட்டினோம். அவர் குளிக்கவில்லை. புதுச் சேட்டைப் போட்டுவிட்டோம். அதைக் கழற்றினால் எங்கே வைப்பார், எதில் கழுவுவார், எங்கே காயப்போடுவார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அவர் கை ஒரு வேலையும் செய்யவில்லை. ஒரு பகல் எங்கள் கை அவர் மேல் வேலை செய்தது, அவ்வளவுதான்.

மனநோய்க்கு மருந்து வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மாதாந்த ஊசி போட்டால் காதில் கேட்கிற குரல் அடங்கும், பயம் குறையும். ஆனால் பத்து வருடமாகப் பல் துலக்காத ஒருவருக்கு ஊசி பல் துலக்கப் பழக்காது. வீதியில் கிடப்பவருக்கு இன்னொன்றும் இருக்கிறது, நாம் கணக்கில் எடுக்காதது: சலிப்பு. விடிந்ததிலிருந்து கடை பூட்டும் வரை செய்ய ஒன்றுமே இல்லாத நாள். கனடாவில் கெரி ஆன் மார்ஷல் என்ற தொழில்வழிச் சிகிச்சை ஆய்வாளர், வீடற்றவர்களின் இந்தச் சலிப்பையே தனியாக எடுத்து ஆராய்ந்திருக்கிறார். லீவு நாளில் கரண்ட் போனால் இரண்டு மணித்தியாலம் நம்மால் சும்மா இருக்க முடியவில்லை.

இந்தத் துறை ஒன்றும் புதியதல்ல. 1917 மார்ச்சில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊரில் இதற்கான முதல் சங்கம் கூடியது. கூட்டியவர்களில் ஒருவரான ஜோர்ஜ் பார்ட்டன் ஒரு கட்டடக் கலைஞர். தானே நோயில் விழுந்து, மரவேலையும் தோட்டவேலையும் செய்து எழும்பியவர். 1950இல் பம்பாயில் கமலா நிம்ப்கர் இதற்கு ஒரு கல்லூரி தொடங்கினார். ஆனாலும் நெடுங்காலம் இது ஆஸ்பத்திரிச் சுவருக்குள்ளேயே இருந்தது. வீதியில் கிடப்பவர் கிளினிக் கொப்பியோடு வரிசையில் வந்து நிற்கமாட்டாரே. அதனால்தான் இங்கிலாந்து, கனடா போன்ற நாடுகளில் இந்தச் சிகிச்சையாளர்களில் சிலர் வீதிக்கே இறங்கிப் போகிறார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், தமிழ்நாட்டுக்கு வாருங்கள். ஏர்வாடி நம் மூத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி அங்கே தர்காவை அண்டியிருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் மௌத்தானார்கள். கொண்டுபோய் விட்ட குடும்பங்கள் எல்லாம் கெட்டவர்களா? இல்லை. அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. பிறகு அதே தர்காவுக்குப் பக்கத்தில் மருந்தும் துஆவும் சேர்ந்து கிடைக்கும்படி அரசாங்கம் மனநலக் கிளினிக் நடத்தியது. மக்கள் எங்கே வருகிறார்களோ அங்கே வைத்தியம் போனது.

சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம் பெண்கள் 1993இல் 'பான்யன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வீதியில் அலையும் மனநோயுள்ள பெண்களுக்காகத்தான் தொடக்கம். ஒரு பெண் இரவில் வீதியில் கிடந்தால் என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. அவர்களிடம் எனக்குப் பிடித்தது பிற்காலத்தில், 2015இல், தொடங்கிய 'ஹோம் அகெய்ன்' திட்டம். வருடக்கணக்காக நிலையத்தில் தங்கிவிட்டவர்களை நாலைந்து பேராகச் சேர்த்து, சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் குடிவைக்கிறார்கள். உதவிக்கு ஆள் உண்டு. சமையல், சந்தை, பக்கத்து வீட்டாரோடு பேச்சு எல்லாம் அவர்களுடையது. யோசித்துப் பாருங்கள், இன்றைக்கு என்ன கறி என்று முடிவெடுக்கிற உரிமை ஒரு மனிதருக்குத் திரும்பக் கிடைக்கிறது.

நம் நாட்டிலும் வெறுமை இல்லை. சுனாமிக்கு முன் மனநலம் என்றாலே அங்கொடைதான். "அங்கொடைக்கு அனுப்பு" என்பது நமக்கு ஏச்சு வார்த்தை. சுனாமியில் அதிகம் உயிரிழந்தது நம் அம்பாறை மாவட்டம். அந்த அழிவுக்குப் பிறகுதான் மாவட்டங்களில் மனநலப் பிரிவுகள் பரவின. உலக சுகாதார நிறுவனத்தின் 2013 அறிக்கையில் இலங்கையைப் பற்றி ஒரு அத்தியாயமே இருக்கிறது: முன்பு 10 மாவட்டங்களில் இருந்த மனநலச் சேவைக் கட்டமைப்பு 2011இல் 20 ஆனது. மட்டக்களப்பில் டொக்டர் கணேசன் போன்றவர்கள், வார்டுக்குள் இருந்த வைத்தியத்தை ஊருக்குள் கொண்டுபோனார்கள். ஆக, ஆஸ்பத்திரி வாசல்வரை பாதை போட்டாயிற்று. அந்த வாசலுக்கும் பஸ் நிலையத் தூணுக்கும் இடையில்தான் ஆளில்லை.

அந்த இடைவெளியை நாம் எப்படி நிரப்புகிறோம்? ஒன்று, வெள்ளிக்கிழமைச் சோற்றுப் பார்சல். இல்லாவிட்டால், எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்ன மாதிரி, "இரவு பஸ்ஸில ஏத்திவிட்டா கொழும்புல இறங்கிக்குவாரு." சிரிப்புக்குச் சொன்னதில்லை. வெள்ளைக்காரன் 1841இல் கொண்டுவந்த அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் இதே புத்திதான்: கண்ணுக்குத் தெரியாமல் அப்புறப்படுத்து. கல்முனை வடக்கு, தெற்கு என்று பிரதேச செயலகத்துக்காக இத்தனை வருடமாக மல்லுக்கு நிற்கிறோம். தூணடியில் கிடப்பவர் எங்கள் பிரிவுக்காரர் என்று உரிமை கோரி இதுவரை யாரும் வந்ததில்லை.

உம்மாவின் கிளினிக்குக்குப் போன ஒரு நாள் அந்தத் தங்கச்சியிடம் காக்காவைப் பற்றிக் கேட்டேன். "சேர், அவரு முன்ன என்ன வேலை செஞ்சவரு?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. எட்டு வருடமாகப் பத்து ரூபாயும் இருபது ரூபாயும் கொடுத்த எனக்குத் தெரியாது! விசாரித்தேன். தறியில் இருந்தவராம்.

பாடசாலையில் பிள்ளைகளிடம் பறித்து வைத்திருந்த பட்ட நூல் ஒரு பெரிய சிக்கலாக மேசை லாச்சிக்குள் கிடந்தது. அதைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தேன். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எடுத்தார். அரை மணித்தியாலத்துக்கு மேல். ஒரு இடத்திலும் அறுக்கவில்லை. ஒரு குச்சியில் வரி வரியாகச் சுற்றி என் கையில் தந்தார். அந்த விரல்களைத்தான் நாங்கள் ஏழெட்டுப் பேர் பிடித்துவைத்துச் சவர்க்காரம் போட்டோம்.

பிறகு தேநீர்க் கடைக்காரரிடம் பேசி, காக்கா தன் கோப்பையைத் தானே கழுவித் தந்தபிறகு பிளேன்டி கொடுக்கச் சொன்னேன். மூன்று வாரம் நடந்தது. மாரி மழை தொடங்கியதும் நின்றுபோனது. தங்கச்சியிடம் சொன்னபோது அவர் ஏசவில்லை, ஆனால் எனக்கு வெட்கம். கழுவினால்தான் தேநீர் என்றது பேரம், பழக்கம் இல்லை என்றார். கழுவினாலும் கழுவாவிட்டாலும் தேநீர் கிடைக்க வேண்டும். அதே நேரம், அதே ஆள், பக்கத்தில் நின்று இரண்டு பேரும் சேர்ந்து கழுவ வேண்டும் என்றார். படித்தவர்கள் வேண்டும் என்று நான் சொல்வது இதற்குத்தான். நல்ல மனம் மட்டும் இருந்த என்னால் அந்தப் பேரத்துக்கு மேல் யோசிக்க முடியவில்லை.

ஒரு ஸஹாபி உதவி கேட்டு வந்த சம்பவம் நம் ஜும்ஆக்களில் அடிக்கடி சொல்லப்படுவது. அபூதாவூதில் வருகிறது, அதன் தொடரில் பலவீனம் சொல்லும் ஆலிம்களும் உண்டு. அதை வைத்து நாம் "உழைத்துச் சாப்பிடு" என்று பிச்சைக்காரரை விரட்டுகிறோம். முழுதாகக் கேளுங்கள். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் முதலில் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். இருந்ததை விற்ற காசில் பாதியைக் குடும்பத்தின் உணவுக்கு ஒதுக்கச் சொன்னார்கள். கோடரிக்குத் தம் கையாலேயே பிடி போட்டுக் கொடுத்தார்கள். பதினைந்து நாள் தவணையும் வைத்தார்கள். விரட்டியது எங்கே இருக்கிறது அதில்?

"ஆஸ்பத்திரியில இருக்கிற நோயாளிக்கே இந்தச் சிகிச்சையாளர்கள் காணாது, ரோட்டுக்கு யார் வாறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முழுநேரமாக ஒருவரைக் கேட்கவில்லை. கிழமையில் அரை நாள், மனநலப் பிரிவிலிருந்து ஒருவர் எங்களோடு வீதிக்கு இறங்க அனுமதி வேண்டும் என்று பிராந்திய சுகாதாரப் பணிமனைக்குப் பள்ளிவாசல்களும் கோயில்களும் சேர்ந்து ஒரு கடிதம் கொடுக்கலாம். அவர் சொல்லித்தருவதை மற்ற ஆறு நாளும் செய்வது எங்கள் வேலை. போக்குவரத்துச் செலவு ஸதகாவில் பெரிய தொகையில்லை. ஸகாத்தில் கொடுக்கலாமா என்பதை ஆலிம்கள் சொல்லட்டும். பக்கீரும் மிஸ்கீனும் அந்தப் பட்டியலின் தலையிலேயே இருக்கிறார்கள்.

இன்னொன்று, குளிக்க ஒரு இடம். தண்ணீரும் கதவும் உள்ள ஒரு அறை, லுஹருக்கு முன் ஒரு மணித்தியாலம், நாள்தோறும் அதே நேரம். ஒரேயொரு பள்ளிவாசல் நிர்வாகம் சம்மதித்தால் போதும். வாடகை வீடு எல்லாம் பிறகு. அறை கிடைத்தாலும் முதல் கிழமை அவர் அதில் தூங்கமாட்டார், தூணடிக்குத்தான் திரும்பி வருவார் என்றும் அந்தத் தங்கச்சி சொல்லியிருக்கிறார். அப்போது என்னை மாதிரி யாரும் கோபப்படாதீர்கள்.

வீட்டுக்குள்ளேயே இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு வெளியில் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

காக்கா நேற்றும் தூணடியில்தான் இருந்தார். மழைக்கு ஒரு கார்ட்போர்ட் பிடித்திருந்தார். பட்ட நூல் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அவராக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நாலைந்து பேர் கூடிப் பேசலாம் என்றிருக்கிறோம். கிழமையில் ஒரு நாளாவது, ஒரே நாளில், ஒரே நேரத்தில் தவறாமல் வரக்கூடியவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். பெண்களும் வேண்டும், வீதியில் பெண்களும் இருக்கிறார்கள். போட்டோ எடுக்கிற ஆக்கள் வர வேண்டாம்.