தகுந்த ஏரியல் எது?

தெளிவாகக் கேட்க வேண்டுமாயின் தகுந்த ஏரியல் ஒன்றைப் பொருத்திக் கொள்க என்னும் பொருள்பட ஒரு வாக்கியம், வானொலிப் பெட்டிகளுடன் வரும் கையேடுகளிலும் கிராம ஊழியர்களுக்கென அச்சிடப்படும் துண்டுப் பிரசுரங்களிலும் தவறாமல் இடம்பெறும். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் நான் அதனைப் பன்முறை தமிழாக்கியிருக்கிறேன். ‘அலைவாங்கி’ என்று எழுதுவதா, வழக்கிலுள்ள ‘ஏரியல்’ என்பதையே வைத்துக் கொள்வதா என்று யோசித்த அளவுக்குத் ‘தகுந்த’ என்னும் சொல்லைப் பற்றி நான் யோசித்ததில்லை. எவ்வளவு நீளம்? எவ்வளவு உயரம்? எத்திசை நோக்கி? இவற்றைச் சொல்லாத வாக்கியம் எத்துணைப் பிழையற்ற தமிழில் இருப்பினும் பயனற்றது என்பதே இன்று என் கருத்து.

பண்பலை ஒலிபரப்பு நம் நாட்டில் 1977 ஜூலை 23 அன்று சென்னையில் தொடங்கிற்று. நெடுங்காலம் பெருநகரங்களின் வசதியாகவே இருந்த அது இப்பொழுது சிற்றூர்களின் பக்கமும் வந்துவிட்டது. 2023 ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் 91 சிறிய பண்பலை நிலையங்கள் பல மாநிலங்களில் தொடங்கி வைக்கப்பட்டன. அவை ஒவ்வொன்றின் ஆற்றலும் 100 வாட் மட்டுமே. பழைய மின்விளக்கு ஒன்று உண்ணும் மின்சாரத்தின் அளவு. இத்தகைய நிலையத்தின் எல்லையோரத்தில் வாழும் குடும்பத்திற்கு, ஏரியல் சரியாக இருந்தால் நிலையம் உண்டு, இல்லையேல் இல்லை. இது பாட்டுக் கேட்கும் விஷயம் மட்டுமன்று. 2019 மே 3 அன்று ஒடிசாவில் பூரிக்கு அருகே கரை கடந்த ஃபானி புயலுக்குப் பின், பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் நாட்கணக்கில் செயலற்றுக் கிடந்தன. அத்தகைய நாளில் பாட்டரியால் இயங்கும் சிறு வானொலிப் பெட்டியே செய்தி கொண்டுவரும். புயல் வரும் நாளில் ஏரியல் தேடிப் புறப்படுவது இயலாத காரியம்.

நம் தந்தையர் காலத்தில் இரு மூங்கில்களை நட்டு, அவற்றிடையே நீண்ட கம்பியைக் கட்டி மத்திய அலையைக் கேட்டனர். கம்பி நீள நீள நன்மை என்ற எண்ணம் அதிலிருந்து வந்தது. பண்பலைக்கு அது பொருந்தாது. பண்பலை அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அதில் பாதி நீளமுள்ள கம்பியே அதனைச் சிறப்பாக ஏற்கும். நடைமுறையில் அதற்கும் சற்றுக் குறைவாக இருத்தல் வேண்டும். கணக்கு எளிது. 7,150 என்னும் எண்ணை நிலையத்தின் மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால், ஒரு கையின் நீளம் சென்டிமீட்டரில் கிடைக்கும். தில்லியின் 102.6 மெகாஹெர்ட்ஸ் நிலையத்திற்கு இது ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். அந்நீளமுள்ள செப்புக் கம்பிகள் இரண்டை ஒரே நேர்கோட்டில், நடுவில் சிறு இடைவெளி விட்டு, மரச் சட்டத்தில் பொருத்துக. வீடுகளுக்குத் தொலைக்காட்சிக்கென வரும் 75 ஓம் கேபிளின் நடுக்கம்பியை ஒரு கையுடனும், மேலுறை வலையை மறு கையுடனும் இணைத்து, கேபிளைப் பெட்டி வரை கொண்டு வருக. இருகை ஏரியலின் நடுவில் மின்தடை 73 ஓம் அளவில் இருப்பதால் இரண்டும் இசைந்து நிற்கும். எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஒரு பிற்பகலில் செய்து முடிக்கும் வேலை இது. ஆசிரியர் கரும்பலகையில் வகுத்தல் கணக்காகவே இதைத் தொடங்கலாம்.

அடுத்தது உயரம். பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. நிலத்தின் வளைவு குறுக்கிட்டால் விரைவில் மெலிந்து போகும். ஏரியலின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால், அது எட்டும் அடிவானத் தொலைவு கிலோமீட்டரில் வரும். மேசை மேல், தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெட்டிக்கு அது 4 கிலோமீட்டர். 9 மீட்டர்க் கம்பத்திற்கு 12 கிலோமீட்டருக்கு மேல். ஒலிபரப்பும் கோபுரத்தின் உயரத்திற்கும் இவ்வாறே கணக்கிட்டு இரண்டையும் கூட்டிக் கொள்ள வேண்டும். கடல் மட்டத்திற்கு 2,000 மீட்டருக்கு மேலிருக்கும் கொடைக்கானல் நிலையம் சமவெளியின் பல மாவட்டங்களில் கேட்பதன் இரகசியமும் இதுவே. ஆகவே, பணம் செலவிட மனமுள்ளவர் முதலில் கம்பத்திற்குச் செலவிடட்டும்.

என் சொந்த அனுபவம் ஒன்றை இங்குச் சொல்லத்தான் வேண்டும். தில்லியில் நான் குடியிருந்த தரைத்தள வீட்டில், நிலையம் நகரத்திலேயே இருந்தும் செய்தி நேரத்தில் இரைச்சலே மிகுந்தது. கடைக்காரர் ஒருவர் அலைப்பெருக்கி ஒன்றை விற்றார். அதை இணைத்த பின் இரைச்சலும் பெருகிற்று. பக்கத்து நிலையங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பேசத் தொடங்கின. பெருக்கி, வந்தடைவதையெல்லாம் பெருக்குமேயன்றி, வேண்டியதை மட்டும் பெருக்க அதற்குத் தெரியாது. கடைசியில், மேலே சொன்ன இருகை ஏரியலைச் சன்னலோரம் பிடித்துக் கொண்டு அங்குமிங்கும் நடந்தேன். ஓரிடத்தில் சத்தமே இல்லை. அங்கிருந்து முக்கால் மீட்டர் தள்ளியதும் குரல் கணீரென்று வந்தது. இதில் மாயம் ஏதுமில்லை. நேரே வரும் அலையும், எதிர்க் கட்டடத்தில் பட்டுத் திரும்பும் அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று அழிக்கும். கால் அலைநீளம் தள்ளிச் சென்றால் ஒன்றையொன்று வலுப்படுத்தும். 3 மீட்டரில் கால் பங்கு 75 சென்டிமீட்டர் அன்றோ? அலைப்பெருக்கிக்குக் கொடுத்த பணம் திரும்பி வரவில்லை என்பது வேறு கதை.

ஆகையால் ஆணியடிக்கு முன் சோதனை வேண்டும். ஏரியலைக் கிடையாகவும் நெட்டாகவும் பிடித்துப் பார்க்க வேண்டும். நிலையத்தார் எம்முறையைக் கையாளுகின்றனர் என்பது காதுக்கே புலனாகிவிடும். கிடையாக வைத்தால் கம்பியின் பக்கவாட்டு நிலையத்தை நோக்க வேண்டும். கம்பியின் நுனி நோக்கும் திசையில் அது செவிடு. இன்னொன்று: இரட்டை ஒலியான ஸ்டீரியோவுக்கு ஒற்றை ஒலியைக் காட்டிலும் மிகுந்த வலிமையுள்ள அலை தேவை. பெட்டியில் ‘மோனோ’ விசை இருப்பின் அதைத் திருப்பியதுமே இரைச்சல் அடங்கி, கூரையேறும் வேலையே மிச்சமாகலாம். மலிவான எல்.ஈ.டி. விளக்குகளும் கைபேசி மின்னேற்றிகளும் இரைச்சலைப் பரப்புவன; அவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தல் நன்று.

பல கம்பிகள் கொண்ட யாகி ஏரியல் யாருக்கு? தொலைவில் ஒரே திசையில் உள்ள நிலையத்தைக் கேட்க விரும்புவோருக்கும், கட்டடங்களின் எதிரொலிப்பால் அல்லலுறுவோருக்கும் அது உதவும். கூரையில் கிடக்கும் பழைய தூரதர்ஷன் ஏரியல் போதாதா என்று கேட்பவர் பலர். அதன் கம்பிகள் வேறு அலைநீளங்களுக்கென வெட்டப்பட்டவை. நிலையம் அருகிலிருந்தால் ஏதோ கேட்கும், எல்லையோரத்தில் அதை நம்புவதற்கில்லை. கம்பத்தை மட்டும் பயன்படுத்திக் கொள்ளலாம்.

களப்பணியாளர் கண்டிப்பாக எடுத்துரைக்க வேண்டியது ஒன்றுண்டு. மின்கம்பி செல்லும் இடத்தினின்று, கம்பம் சாய்ந்தாலும் தொட முடியாத தொலைவில், அதாவது கம்பத்தின் முழு உயரத்தினும் மிகுதியான தூரத்தில் அதனை நடுக. இரும்புக் கம்பமாயின் தடித்த செப்புக் கம்பியால் நில இணைப்புக் கொடுத்து, கேபிள் வீட்டினுள் நுழையுமிடத்தில் அதன் மேலுறையையும் அதே நில இணைப்புடன் பிணைக்க வேண்டும். இடியும் மழையும் நெருங்கும்போது கேபிளைப் பெட்டியினின்று கழற்றி, சன்னலுக்கு வெளியே விட்டுவிடுக; அந்நேரம் பெட்டியின் சொந்த நீட்டுக்கம்பியே போதும். ஈரக் கூரையில் ஒருவர் தனியே ஏறுதல் கூடாது. கீழே ஒருவர் ஏணியைப் பிடித்து நிற்கட்டும், மற்றொருவர் பெட்டியருகே அமர்ந்து, எந்நிலையில் குரல் தெளிகிறதென்று உரக்கச் சொல்லட்டும்.