சிறு காற்றுச் சுரங்கத்துக்கு அனுமதி கோரும் மனு

அனுப்புநர்: செயலாளர், அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் மற்றும் ஆய்வக உதவியாளர்கள் சங்கம், மாமல்லபுரம் வட்டாரம்
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், செங்கல்பட்டு
நகல்: முதன்மைக் கல்வி அலுவலர்

பொருள்: பள்ளிகளிலேயே குறைந்த செலவில் காற்றுச் சுரங்கம் செய்து, இருப்புப் பதிவேட்டில் ஏற்ற அனுமதி கோருதல் – தொடர்பாக.



2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அத்தகைய புயலில் காற்று கூரையை அழுத்தி உடைக்கிறது என்றே மாணவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் விளிம்பிலும் மூலையிலும் அது கூரை ஷீட்டை மேல்நோக்கி உறிஞ்சி இழுக்கிறது. கரும்பலகையில் எத்தனை முறை சொன்னாலும் நம்பாத பிள்ளைகள், கண்ணால் பார்த்தால் நம்புவார்கள்.

அதைக் கண்ணால் காட்டத்தான் காற்றுச் சுரங்கம் கேட்கிறோம். காற்றுச் சுரங்கம் என்றதும் கோடிகள் நினைவுக்கு வரலாம். தரமணி கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் இருப்பதைப் போன்ற ஒன்றை நாங்கள் கேட்கவில்லை. 30 செ.மீ. சதுரச் சோதனை அறையும் நொடிக்கு 10 மீட்டர் காற்றும் போதும். அந்தக் காற்றோட்டத்தின் திறன் 54 வாட்தான். விசிறியின் இழப்புகளைச் சேர்த்தாலும் வீட்டு மிக்ஸி இழுக்கும் மின்சாரத்துக்குள் அடங்கிவிடும். வேகத்தை இரட்டித்தால் திறன் எட்டு மடங்கு தேவைப்படும் என்பதால் 10 மீட்டரோடு நிற்கிறோம். இதற்குத் தேவையானவை மரப்பெட்டி, எக்ஸாஸ்ட் ஃபேன், காற்றை நேராக்க நெருக்கி அடுக்கிய ஸ்ட்ராக்கள், காற்றின் வேகத்தை அளக்க ஒரு பிட்டோ குழாய், அதோடு இணைத்த மானோமீட்டர். இந்த வேகத்தில் மானோமீட்டரில் நீர் 6 மி.மீ. மட்டுமே ஏறும். குழாயை 1:10 சரிவில் சாய்த்தால் அது 6 செ.மீ. நகர்வாகத் தெரியும்.

இவ்வளவு மெதுவான காற்றில் புயலைப் படிக்க முடியுமா? கூரான விளிம்புள்ள கூரையில் காற்று எங்கே பிரிவது என்பதை விளிம்பே தீர்மானிக்கிறது. வேகம் கூடினாலும் அழுத்தத்தின் பாங்கு பெரிதாக மாறாது. வளைந்த பரப்புகளுக்கு இது பொருந்தாது. மாதிரி வீட்டின் முகப்புப் பரப்பு, சோதனை அறையின் குறுக்குப் பரப்பில் 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். நாலரை மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள வீடு, 1:50 அளவில் அதற்குள் அடங்கும். கட்டடத்துக்கான இறுதிக் கணக்கைத் தரமணியில்தான் பார்க்க வேண்டும். அங்கே எதை அனுப்பலாம் என்று சலித்துத் தருவதே எங்கள் பெட்டியின் வேலை.

சிறு மாதிரியில் சோதிப்பது புதிதல்ல. கல்பாக்கத்தில் 500 மெகாவாட் அணு ஈனுலைக்கான சோடிய ஓட்டத்தையே, 1/4 அளவு மாதிரியில் தண்ணீரை ஓடவிட்டு ஆராய்ந்தார்கள். 1901-இல் ரைட் சகோதரர்கள் ஆறடிப் பெட்டி ஒன்றில், ரம்பத் தகட்டாலும் சைக்கிள் கம்பியாலும் செய்த தராசை வைத்து, சுமார் 200 இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள்.

கருவியைச் செய்வதில் சிக்கல் இல்லை; எங்களுக்கு இடிப்பது இருப்புப் பதிவேடு. எங்கள் உறுப்பினர் ஒருவர் பள்ளியில் இத்தகைய பெட்டி ஒன்றைச் செய்தார். விலைப்பட்டியல் இல்லாத பொருளைப் பதிவேட்டில் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பெட்டி பெஞ்சுக்கடியில் கரையானுக்குப் போனது. விசிறி மட்டும் தலைமையாசிரியர் அறையில் சுழல்கிறது. கடையில் வாங்கிய கருவியோ, பழுதாகிவிடுமோ என்ற பயத்தில் பெட்டி பிரிக்காமலே கிடக்கிறது.

ஆகவே, சொந்தமாகச் செய்த கருவியை மூலப்பொருள் ரசீதுகளின் அடிப்படையில் பதிவேட்டில் ஏற்ற எழுத்துபூர்வ ஆணை வழங்க வேண்டுகிறோம். இதுவே முதன்மையான கோரிக்கை. மற்றவை இதற்குப் பிறகுதான். பழுது பார்க்க ஆய்வகத்துக்கெனச் சிறு தொகை ஒதுக்கவும், மாவட்டத்தின் பெரிய நிறுவனங்கள் கழித்த அளவீட்டுக் கருவிகளை ஏலத்துக்கு முன் பள்ளிகளுக்குக் காட்டச் சொல்லவும், ஆண்டுக்கு ஒரு முறை எங்கள் அளவீடுகளைத் தரமணியில் ஒப்பிட்டுப் பார்க்க ஏற்பாடு செய்யவும் கேட்டுக்கொள்கிறோம்.

தச்சு வேலைக்கு ஆள் இருக்கிறது. ஆணை கிடைத்தால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் முதல் சுரங்கத்தைத் தங்கள் முன்னிலையில் ஓட்டிக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்கச் செயலாளர்