மைசூரு பள்ளியில் ஸ்பானிஷ்: மும்மொழிக் கணக்கில் இடம் இருக்கா?

மைசூருவில் உங்கள் பிள்ளை சிபிஎஸ்இ பள்ளியில் ஸ்பானிஷ் படிக்கிறாரா? முதல் வருடம் வணக்கம், எண்கள், நிறங்கள் என்று ஜாலியாகப் போயிருக்கும். இரண்டாம் வருடம்தான் கஷ்டம். 'அப்லே' என்றால் ஒருமுறை பேசி முடித்தது. 'அப்லாபா' என்றால் வழக்கமாகப் பேசிவந்தது. இந்த இரண்டு இறந்தகாலமும் பிடிபட்டால்தான் நேற்று நடந்ததையே சொல்ல முடியும்.

ஆனால் படிப்பு பாதியில் நிற்க இலக்கணம் மட்டும் காரணமாகாது. கணக்கைப் பாருங்க.

தேசியக் கல்விக் கொள்கை 2020, உயர்நிலையில் கற்கக்கூடிய அந்நிய மொழிகளில் ஸ்பானிஷைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதே கொள்கை, மூன்று மொழிகளில் குறைந்தது இரண்டு இந்திய மொழிகளாக இருக்கணும் என்கிறது. கர்நாடகாவின் 2015 கன்னட மொழி கற்றல் சட்டமோ, 2017-18 முதல் படிப்படியாகக் கன்னடத்தைக் கட்டாயமாக்கியது.

ஆக, கன்னடம் ஒன்று, ஆங்கிலம் ஒன்று. மிச்சம் ஒரே இடம், அதுவும் இந்திய மொழிக்கு. ஸ்பானிஷ் நான்காவதாக வெளியே நிற்கிறது. வீட்டில் தமிழ் பேசுபவர்களுக்கு இன்னும் சிக்கல்: தமிழும் இந்தியும் போட்டியிடுவது அதே மூன்றாவது இடத்துக்குத்தான்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 2014 நவம்பரில் கேந்திரிய வித்யாலயாக்களில் மூன்றாம் மொழியாக இருந்த ஜெர்மன், கல்வியாண்டின் நடுவிலேயே நீக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 70,000 மாணவர்கள்.

அதனால் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதை மட்டும் கேளுங்க: ஸ்பானிஷ் மூன்றாம் மொழியா, கூடுதல் பாடமா? பத்தாம் வகுப்பு வரை இருக்குமா?